சம்பளக் கணக்கு பத்தாம் தேதியே வற்றுகிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிகாட்டி

கணக்கில் பணம் தீர்ந்துபோகும் மாதங்களில், "இனிமேல் சிக்கனமாக இருக்க வேண்டும்" என்ற பேச்சு வீட்டில் தானாகவே எழுந்துவிடுகிறது. இங்கே சிங்கப்பூரில் உறவினர்கள், அண்டை வீட்டார் எனப் பலருடைய கணக்கறிக்கைகளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து அவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், செலவின் அளவைவிடச் செலவு விழும் தேதிதான் பல வீடுகளில் சிக்கலைத் தோற்றுவித்திருந்தது. செயலியைத் திறந்ததும் கண்ணில் படும் இருப்புத் தொகையில், அடுத்த வாரம் வேறொருவருக்குப் போய்ச் சேர வேண்டிய பணமும் கலந்தே இருக்கிறது. அதை நம்முடையதாக எண்ணிச் செலவழித்துவிடுகிறோம்.

ஆகவே எதற்கும் முன்னதாகக் கடந்த மூன்று மாதக் கணக்கறிக்கைகளைப் பதிவிறக்கம் செய்து, முடிந்தால் அச்சிட்டு, ஒரு பேனாவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்குச் செல்லுங்கள்.

அறிகுறி: சம்பளம் வந்து பத்து நாளில் கணக்கு வற்றிவிடுகிறது

முதலில் சம்பளத் தொகையையே சரிபார்க்க வேண்டும். வேலைக்குச் சேரும்போது பேசிய தொகையையே மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிடுவது மிகப் பரவலான தவறு. 55 வயதும் அதற்குக் குறைவுமான சிங்கப்பூரரின் ஊதியத்திலிருந்து 20 விழுக்காடு மத்திய சேமநிதி என்னும் கட்டாயச் சேமிப்புத் திட்டத்துக்குச் செல்கிறது. முதலாளி செலுத்தும் 17 விழுக்காடு அதற்கு மேல் தனியாகச் சேர்கிறது. இந்தியச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்றால் சிண்டா என்னும் இந்தியர் சுயஉதவி அமைப்பின் நிதிக்கும் ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஊதியம் பெறுபவருக்குச் சேமநிதி 800 வெள்ளி, சிண்டா 7 வெள்ளி போக, கைக்கு வருவது 3,193 வெள்ளி. திட்டம் இந்தத் தொகையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, கணக்கறிக்கையில் மாதந்தோறும் தவறாமல் திரும்பி வரும் செலவுகளை மட்டும் வட்டமிட்டு, அவற்றை ஒரு தாளில் தேதி வரிசையில் எழுதுங்கள். மின்சாரம், தண்ணீர், நகர மன்றத்தின் சேவை பராமரிப்புக் கட்டணம், காப்புறுதி, கைப்பேசிக் கட்டணம், பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம், வருமான வரித் தவணை ஆகியவை ஏறக்குறைய எல்லா வீட்டுப் பட்டியலிலும் இருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடனை மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து கட்டுபவர்களுக்கு அது வங்கிக் கணக்கறிக்கையில் தெரியாது. எனினும் அந்தக் கணக்கில் பணம் போதாத மாதத்தில் மீதித் தொகையை ரொக்கமாகக் கட்ட நேரிடும் என்பதால், வேலை மாறும் காலத்தில் அதன் இருப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

தேதி வரிசையில் எழுதி முடித்ததும், மாதத்தின் முதல் பத்து நாள்களுக்குள்ளேயே பெரும்பாலான கழிவுகள் அடுத்தடுத்து விழுவதைக் காண்பீர்கள். மேலே சொன்ன 4,000 வெள்ளி ஊதியக்காரரின் குடும்பத்துக்கு இவை எல்லாம் சேர்ந்து 1,850 வெள்ளி ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். 3,193 வெள்ளியில் அதைக் கழித்தால் எஞ்சுவது 1,343 வெள்ளி. இதில் மறைந்திருக்கும் இன்னொரு வகைச் செலவு உண்டு: தீபாவளி, டிசம்பர் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் விமானச் சீட்டு, ஆண்டுக்கொருமுறை கட்டும் காப்புறுதிச் சந்தா போன்றவை. மாதப் பட்டியலில் இடம்பெறாத இவைதாம் நவம்பரிலும் டிசம்பரிலும் கடன்பற்று அட்டையில் போய் உட்காருகின்றன. ஆண்டுக்கு 3,600 வெள்ளி என்றால் மாதம் 300 வெள்ளியை இதற்கென ஒதுக்கியே ஆக வேண்டும். ஆக, அரிசி, காய்கறி, பேருந்து, காப்பிக்கடைச் சாப்பாடு, மருந்து என எல்லாவற்றுக்கும் உண்மையில் கையில் இருப்பது 1,043 வெள்ளி. வாரத்துக்கு ஏறக்குறைய 240 வெள்ளி.

சரிசெய்யும் வழி இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வதுதான். சம்பளம் வந்து சேரும் கணக்கில் கட்டணங்கள் மட்டும் கழியட்டும். அந்தக் கணக்கின் அட்டையைப் பணப்பையில் வைத்திருக்க வேண்டாம். இன்னொரு கணக்குக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 240 வெள்ளி தானாக மாறும்படி வங்கிச் செயலியில் தொடர் பணமாற்றத்தைப் பதிவுசெய்துவிட்டு, அன்றாடச் செலவுகளை அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே செய்யுங்கள். மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமல் வாரத்துக்கு ஒருமுறை மாற்றுவதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வாரம் கூடுதலாகச் செலவாகிவிட்டால் அந்த நெருக்கடி அடுத்த வெள்ளிக்கிழமையோடு தீர்ந்துவிடும். மாதம் முழுவதையும் அது இழுத்துச் செல்வதில்லை. கணவனும் மனைவியும் சம்பாதிக்கும் வீட்டில் கட்டணக் கணக்கை இருவரில் எவர் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். அத்தகைய கணக்கிலிருந்து ஒருவர் மட்டுமே முழுத் தொகையையும் எடுக்க முடியும் என்பதை இருவரும் அறிந்தே அதைத் தொடங்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் பற்றாக்குறை தொடர்ந்தால், அப்போதுதான் அது வருமானத்துக்கும் செலவுக்கும் இடையிலான உண்மையான இடைவெளி என்று கொள்ளலாம். சம்பளமே தாமதமாக வருகிறது என்றால் அது வேறு சிக்கல். வேலை நியமனச் சட்டத்தின்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாள்களுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும்.

அறிகுறி: எதுவும் வாங்காத கணக்கில் மாதம் 2 வெள்ளி குறைகிறது

என் மூத்த மகன் தொடக்கப்பள்ளியில் சேர்ந்த ஆண்டில் என் பெயரில் தொடங்கிய கணக்கு ஒன்றை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு நாள் அதைத் திறந்து பார்த்தபோது, மாதந்தோறும் 2 வெள்ளியாகப் பிடிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளில் 72 வெள்ளி போயிருந்தது. வங்கி விதியை மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை.

இது குறைந்தபட்ச இருப்புக்குக் கீழே போவதற்கான கட்டணம். இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. மாதக் கடைசி நாளில் எவ்வளவு இருந்தது என்பதை வங்கி பார்ப்பதில்லை. ஒவ்வொரு நாளின் இருப்பையும் கூட்டி, மாதத்தின் நாள்களால் வகுத்துக் கிடைக்கும் சராசரியைப் பார்க்கிறது. குறைந்தபட்சம் 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் 1,200 வெள்ளியும் மீதி இருபது நாள் 100 வெள்ளியும் இருந்தால், சராசரி ஏறக்குறைய 467 வெள்ளிதான், கட்டணம் பிடிக்கப்படும். மாதக் கடைசியில் அவசரமாகப் பணம் போட்டு இதைத் தவிர்க்க இயலாது.

பயன்படாத கணக்கை மூடுவதே நேரான தீர்வு. தொடங்கிய சில மாதங்களுக்குள் மூடினால் தனிக் கட்டணம் விதிக்கும் வங்கிகள் உள்ளதால், தொடங்கிய தேதியைப் பார்த்துவிட்டு மூடுங்கள். மேலே சொன்ன வாரச் செலவுக் கணக்கைத் தேர்ந்தெடுக்கும்போது, குறைந்தபட்ச இருப்பு விதி இல்லாத கணக்காகப் பார்த்துக்கொள்வது மிகவும் முக்கியம்.

அறிகுறி: கூடுதல் வட்டி தரும் கணக்கு என்றார்கள், ஆனால் சில காசுகளே வட்டியாக வந்துள்ளன

விளம்பரத்தில் வரும் வட்டி விகிதம் பல நிபந்தனைகளின் கூட்டுத்தொகை. சம்பளம் அந்தக் கணக்கில் வரவாக வேண்டும், அட்டையில் மாதம் குறிப்பிட்ட தொகையேனும் செலவிட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு வட்டி தரப்படுகிறது. நிபந்தனையை நிறைவேற்றியும் வட்டி வரவில்லை என்றால் இரண்டு இடங்களைச் சோதியுங்கள். சிறு நிறுவனங்களில் முதலாளி சம்பளத்தைப் பேநவ் (கைப்பேசி எண்ணுக்கே உடனடியாகப் பணம் அனுப்பும் வசதி) வழியாக அனுப்பியிருந்தால், வங்கியின் கணினி அதைச் சம்பளமாக அடையாளம் காணாமல் போகலாம். சம்பளத்துக்கான குறியீட்டோடு ஜைரோ (வங்கிக் கணக்குகளுக்கிடையே தானாகப் பணம் செலுத்தவும் கழிக்கவும் உதவும் ஏற்பாடு) வழியாக அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். மாதத்தின் கடைசி இரண்டு மூன்று நாள்களில் அட்டையில் செய்த செலவு அடுத்த மாதத் தேதியில் பதிவாகியிருக்கலாம். பொருள் வாங்கிய நாளைவிடப் பதிவான நாளே பொதுவாகக் கணக்கில் கொள்ளப்படுகிறது.

வட்டிக்காகவே தேவையற்ற பொருளை வாங்கி அட்டைச் செலவை நிரப்புவதைவிட, அந்த வட்டியை விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து.

அறிகுறி: பணம் இருந்தும் ஜைரோ கழிவு நிறைவேறவில்லை

ஜைரோ விண்ணப்பத்தில் அதிகபட்சம் எவ்வளவு கழிக்கலாம் என்று வரம்பு குறிப்பிடும் இடம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் 150 வெள்ளி என்று எழுதிவிட்டு மறந்திருப்பீர்கள். இப்போது மின்கட்டணம் 170 வெள்ளியாக வரும்போது கழிவு திரும்பிவிடும். வங்கிச் செயலியில் ஜைரோ ஏற்பாடுகள் என்ற பகுதியில் அந்த வரம்பைப் பார்த்து மாற்றலாம்.

வரம்பில் கோளாறு இல்லை என்றால், கழியும் நாளன்று காலையில் பணம் இருந்ததா என்று பாருங்கள். அன்று மதியம் பணம் போட்டால் போதும் என்று எண்ணக்கூடாது. முந்தைய நாளே இருக்க வேண்டும். வருமான வரியை வட்டியின்றி 12 தவணைகளாகக் கட்டும் ஏற்பாட்டில் ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி பணம் கழிக்கப்படுகிறது. 7ஆம் தேதி சம்பளம் பெறுபவர்கள், முந்தைய மாதச் சம்பளத்திலிருந்தே அந்தத் தவணையை எடுத்து வைத்திருக்க வேண்டும். தவணை தவறினால் ஏற்பாடே இரத்தாகக்கூடும் என்பதால், இது ஒன்றை மட்டுமாவது நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

அறிகுறி: கடன்பற்று அட்டைக்கு மாதந்தோறும் கட்டியும் நிலுவை குறையவில்லை

குறைந்தபட்சத் தொகையை மட்டுமே கட்டி வருகிறீர்கள் என்பதே இதன் பொருள். இங்குள்ள அட்டைகளின் வட்டி ஆண்டுக்கு 26 முதல் 28 விழுக்காடு வரை இருக்கிறது. 3,000 வெள்ளி நிலுவைக்கு 27 விழுக்காடு என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 67 வெள்ளி 50 காசு. நிலுவையில் 3 விழுக்காடாகிய 90 வெள்ளியை நீங்கள் கட்டும்போது, கடன் உண்மையில் 22 வெள்ளி 50 காசுதான் குறைகிறது. அதைவிட வருத்தமான செய்தி, முழு நிலுவையையும் கட்டாதவரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியற்ற காலம் கிடைக்காது என்பது. அன்று காலை வாங்கிய பாலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும்.

ஆகவே முதற்படி, அந்த அட்டையைப் பயன்படுத்துவதை அறவே நிறுத்துவது. அட்டையிலிருந்து ரொக்கம் எடுத்து இன்னொரு அட்டையைக் கட்டுவது கூடாது. ரொக்கம் எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உடனடி வட்டியும் உண்டு. இரண்டாவது படி, ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு வெள்ளியையும் வட்டி மிகுந்த அட்டைக்கே செலுத்துவது. நிலுவையை வேறு வங்கிக்கு மாற்றிச் சில மாதங்கள் வட்டியின்றிக் கட்டும் திட்டங்கள் உள்ளன. அவற்றில் தொடக்கத்திலேயே ஒரு கட்டணம் பிடிக்கப்படும். சலுகைக் காலத்துக்குள் முழுவதையும் கட்டி முடிக்க வழியிருந்தால் மட்டுமே அவை உதவும்.

கடன் கைமீறிவிட்டது என்று தோன்றினால் மறைக்காதீர்கள். பிணையற்ற கடன்கள் மொத்தம் மாத வருமானத்தைப்போல் 12 மடங்கைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், எல்லாக் கடன்களையும் ஒரே வங்கியின் கீழ்க் கொண்டுவந்து குறைந்த வட்டியில் கட்டும் கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் 2017 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு வருமான வரம்பு உண்டு. கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்னும் அறநிறுவனம் கடனாளியோடு உட்கார்ந்து கணக்கைப் பார்த்து, வங்கிகளோடு தவணை ஏற்பாடு செய்துகொள்ள உதவுகிறது. நம்மவர்களில் பலர் அங்கே செல்வதை வெட்கமாகக் கருதி, அதற்குப் பதிலாகக் கடன் கொடுப்போரிடம் செல்கின்றனர். உரிமம் பெற்றவர்கள்கூட மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது. அது ஆண்டுக்கு 48 விழுக்காடு ஆகிறது; ஆண்டுக்கு 27 விழுக்காட்டுக் கடனை அதைவிடக் கூடிய வட்டிக் கடனால் அடைக்க முடியாது. வாட்ஸ்அப்பில் தாமாக வந்து கடன் தருவதாகச் சொல்பவர்களுக்குப் பதிலே அனுப்பாதீர்கள். உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் குறுஞ்செய்தி வழியாகவோ தொலைபேசி வழியாகவோ விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது.

அறிகுறி: செய்யாத பணமாற்றத்துக்கு அறிவிப்பு வருகிறது

இங்கே வரிசை முக்கியம். முதலில் வங்கிச் செயலியிலோ வங்கியின் அவசரத் தொலைபேசி எண்ணிலோ கணக்கை உடனே முடக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள எண்ணைத்தான் அழைக்க வேண்டும். வந்த குறுஞ்செய்தியில் உள்ள எண்ணை அழைக்கக்கூடாது. அடுத்து வங்கியிடம் பேசி விவரம் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் பதிவுசெய்யுங்கள். மோசடியா இல்லையா என்ற ஐயம் மட்டும் இருந்தால், 24 மணி நேரமும் இயங்கும் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. அன்றாடம் தேவைப்படாத சேமிப்பை, இணையம் வழியாக எடுக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதியை டிபிஎஸ், ஓசிபிசி, யுஓபி ஆகிய மூன்று வங்கிகளும் 2023 நவம்பரில் அறிமுகம் செய்தன. வயதான பெற்றோரின் கணக்கில் இதை இன்றே செய்யுங்கள். ஏமாற்றப்பட்டவர் தாமே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணத்தை மீட்பது மிகக் கடினம். மோசடி இழப்பில் வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் உள்ள பொறுப்பை வரையறுத்து, 2024 டிசம்பர் 16 முதல் நடப்பில் உள்ள பொறுப்புப் பகிர்வு விதிகளும் அத்தகைய பணமாற்றங்களுக்குப் பொருந்துவதில்லை.

தவறான எண்ணுக்குப் பேநவ் அனுப்பிவிட்டால் அது மோசடி இல்லை, ஆனாலும் உடனே வங்கியிடம் சொல்ல வேண்டும். வங்கி பெறுநரின் வங்கியைத் தொடர்புகொள்ளும். பெறுநரின் இசைவில்லாமல் பணத்தைத் தானாக எடுத்துத் தராது. அனுப்பும் முன் திரையில் தோன்றும் பெயரை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலை வராது.

அறிகுறி: தமிழ்நாட்டுக்குச் சென்றால் அட்டை வேலை செய்யவில்லை, அனுப்பிய பணமும் திரும்பி வந்தது

பல அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே தரப்படுகிறது. சாங்கி விமான நிலையத்திலிருந்து புறப்படும் முன் செயலியில் தேதி குறிப்பிட்டு அதைத் திறந்து விடுங்கள். ஊரில் கடைக்காரரோ இயந்திரமோ "சிங்கப்பூர் வெள்ளியிலா, ரூபாயிலா?" என்று கேட்டால் ரூபாயையே தேர்ந்தெடுங்கள், வெள்ளியில் கணக்கிடும்போது நாணய மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாக இருக்கும்.

அனுப்பிய பணம் திரும்பினால், இந்திய வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டைப் பாருங்கள். அது எழுத்துகளும் எண்களுமாக 11 இடங்கள் கொண்டது. ஐந்தாவது இடத்தில் இருப்பது எப்போதும் சுழியம் என்ற எண். அதை ஆங்கில எழுத்து ஓ என்று தட்டச்சு செய்துவிடுவது நான் மீண்டும் மீண்டும் கண்ட பிழை. சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடைகளை ஒப்பிடும்போது கட்டணத்தை மட்டும் கேட்காமல், "500 வெள்ளி கொடுத்தால் ஊரில் எத்தனை ரூபாய் கிடைக்கும்?" என்று கேளுங்கள், கட்டணமும் விகிதமும் சேர்ந்த விடை அதுதான்.

அறிகுறி: குடும்பத்தில் ஒருவர் இறந்ததும் கணக்கு முடங்கிவிட்டது

இறந்தவரின் தனிப்பட்ட கணக்கு, வங்கிக்குத் தகவல் தெரிந்ததும் முடக்கப்படும். இந்தியாவில் இருப்பதுபோல வங்கிக் கணக்குக்கு வாரிசை நியமிக்கும் படிவம் இங்குள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்குகளில் இல்லை. உயில் இருந்தால் அதை நிறைவேற்றும் நீதிமன்ற ஆணையும், இல்லையென்றால் சொத்தை நிர்வகிப்பதற்கான ஆணையும் பெற்ற பிறகே பணம் விடுவிக்கப்படும். மத்திய சேமநிதியைத் தவிர்த்த சொத்து 50,000 வெள்ளிக்கு மிகாமல் இருந்தால், அதை நிர்வகிக்கும்படி பொது அறங்காவலர் அலுவலகத்தைக் கேட்கலாம். கூட்டுக் கணக்கு என்றால், வங்கியின் விதிமுறைப்படி உயிரோடிருப்பவர் தொடர்ந்து இயக்க வழி உண்டு. வீட்டுக் கட்டணங்கள் ஒருவருடைய தனிக் கணக்கிலிருந்து மட்டுமே கழிந்துகொண்டிருந்தால், துக்கம் நடக்கும் வாரத்திலேயே மின்சாரமும் காப்புறுதியும் கட்டப்படாமல் நிற்கும். கட்டணக் கணக்கைக் கூட்டுக் கணக்காக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மத்திய சேமநிதிப் பணம் உயிலில் அடங்காது. அதைப் பெறுபவர் யார் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு இரத்தாகிவிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மணமுறிவு நியமனத்தை இரத்துச் செய்வதில்லை என்பதும் அவ்வாறே. சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாகச் சேமநிதி இணையத்தளத்தில் நுழைந்து, தற்போது யார் பெயர் அங்கே இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பெயர் இல்லையென்றால், இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு இணையத்திலேயே புதிய நியமனத்தைச் செய்து முடிக்கலாம்.